குவாண்டனாமோவில் எண்ணிக்கொண்டே இருந்தவர்

2002 ஜனவரி 11. கியூபாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் குவாண்டனாமோ என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் ஒரு ராணுவ விமானம் வந்து இறங்குகிறது. ஆப்கானிஸ்தானில் பிடிபட்ட 20 பேர் அதில் இருக்கிறார்கள். ஆரஞ்சு நிற உடை, பார்வையை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, காதை அடைக்கும் கருவி, கையிலும் காலிலும் விலங்கு. சற்றுத் தள்ளி ஒரு மேட்டில் சில பத்திரிகையாளர்கள் நின்று பார்க்கிறார்கள். படம் எடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. நோட்டும் பேனாவும் மட்டும்தான். அந்தச் சிலரில் ஒருவர் கேரல் ரோசன்பெர்க், மயாமி ஹெரால்ட் பத்திரிகையின் நிருபர்.

மற்றவர்கள் சில நாளில், சில வாரத்தில் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். ஆப்கன் போர், பிறகு இராக் போர், பிறகு தேர்தல் என்று உலகத்தில் செய்திக்கா பஞ்சம்? இவர் மட்டும் திரும்பத் திரும்ப அதே தளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். இருபது வருஷத்துக்கும் மேலாக! போர்க்கால நிருபர் என்றதும் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு டாங்கிக்குப் பின்னால் ஓடுபவர்தான் நினைவுக்கு வருவார். இவர் வேலை அப்படிப்பட்டது இல்லை. காத்திருப்பது, எண்ணுவது, மனு போடுவது, மறுபடி காத்திருப்பது. ஆனால் அந்தச் சிறையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரிய பங்கு இப்படித்தான் வெளியே வந்தது.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1903ல் கியூபாவிடம் அமெரிக்கா குத்தகைக்கு எடுத்த நிலம் அது. 1934ல் போட்ட ஒப்பந்தப்படி இரண்டு பேரும் சம்மதித்தால்தான் குத்தகை முடியும். வருஷ வாடகை 4,085 டாலர் (சென்னையில் ஒரு நல்ல கடைக்கு இதைவிட அதிகம் கேட்பார்கள்). காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த 1959ல் ஒரே ஒரு காசோலை வங்கியில் போடப்பட்டது. அதன் பிறகு வந்ததையெல்லாம் கியூபா மாற்றவே இல்லை. ஆக, நிலம் கியூபாவுடையது, கட்டுப்பாடு அமெரிக்காவுடையது. அமெரிக்க மண் இல்லை, அதனால் அமெரிக்க நீதிமன்றங்களுக்கு இங்கே வேலை இல்லை என்று புஷ் அரசு வாதாடியது. அங்கே சிறை வைத்ததற்கே அதுதான் காரணம். அந்த ஓட்டையை அமெரிக்க உச்சநீதிமன்றம் 2004, 2006, 2008 என்று மூன்று தீர்ப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைத்தது. தன்னை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று நீதிமன்றத்தில் கேட்க அரசியல் சட்டமே அவர்களுக்கு உரிமை தருகிறது என்று தெளிவானது 2008 ஜூனில்தான். முதல் விமானம் இறங்கி ஆறரை வருஷம் கழித்து!

அதற்குள் மொத்தம் சுமார் 780 பேர் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தார்கள். யார் யார்? 2006 வசந்தகாலம் வரை அரசு பெயர்ப் பட்டியலே வெளியிடவில்லை. அசோசியேட்டட் பிரஸ் வழக்குப் போட்டுத்தான் வாங்கியது. ஒரு ஆளை நான்கு வருஷம் அடைத்து வைத்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லக்கூட ஒரு வழக்கு தேவைப்பட்டது.

வார்த்தைகளிலும் விளையாட்டு. அவர்களைக் 'கைதி' என்று சொல்லக் கூடாது, 'தடுத்து வைக்கப்பட்டவர்' என்றுதான் சொல்ல வேண்டும். போர்க்கைதி என்று ஒப்புக்கொண்டால் ஜெனீவா ஒப்பந்தத்தின் மற்ற உரிமைகளும் கூடவே வந்துவிடுமே. ஆனால் கைதியின் முகத்தைப் படம் எடுக்காதே என்று நிருபர்களைத் தடுக்க மட்டும் அதே ஜெனீவா ஒப்பந்தம் கைகொடுத்தது! போர்க்கைதிகளை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. வசதியான விதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உண்ணாவிரதத்துக்குக் கூட ராணுவ ஆவணங்களில் பின்னாளில் வேறு பெயர் வந்தது: 'நீண்டகால, மதம் சாராத நோன்பு'. ரோசன்பெர்க்கின் செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த மாதிரி வார்த்தைகளை அவர் அப்படியே எடுத்துவைத்து, பக்கத்திலேயே அதன் நேரடி அர்த்தத்தையும் எழுதிவிடுவதுதான். திட்டுவதில்லை. வாசகனுக்கே புரிந்துவிடும்.

அங்கே போய் வேலை செய்வது எப்படி என்றும் சொல்ல வேண்டும். நினைத்தபோது போக முடியாது. ராணுவம் அனுமதித்தால், ராணுவம் ஏற்பாடு செய்யும் விமானத்தில் போகலாம். விதிமுறைகளில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தங்கியது பெரும்பாலும் கூடாரத்தில். எங்கே போனாலும் கூடவே ஒரு ராணுவ வீரர். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததை அவர்கள் அழிப்பார்கள். கைதிகளிடம் பேட்டியா? கிடையவே கிடையாது.

2006 ஜூன் 10 அன்று மூன்று கைதிகள் சிறையில் இறந்துபோனார்கள். தூக்குப் போட்டுக்கொண்டார்கள் என்றது ராணுவம். இது விரக்தியால் அல்ல, எங்கள் மீது நடத்தப்பட்ட ஒருவகைப் போர் என்று சிறையின் தளபதி சொன்னது உலகம் முழுக்க அடிபட்டது. அந்தச் சமயத்தில் தளத்தில் இருந்த மிகச் சில நிருபர்களில் ரோசன்பெர்க்கும் ஒருவர். சில நாட்களிலேயே பென்டகன் உத்தரவு வந்தது, அத்தனை நிருபர்களும் வெளியேறு என்று. விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சரி, அவ்வளவுதான் என்று விடவில்லை, திரும்பப் போனார்.

2010 மே மாதம் இன்னொரு தடை. ஒமர் காதர் என்ற கனடா நாட்டுப் பையன், 15 வயதில் ஆப்கானிஸ்தானில் பிடிபட்டவன், அவன் வழக்கு விசாரணை நடந்தது. அவனை விசாரித்த ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். அவர் பெயரை எழுதக் கூடாது, 'விசாரணையாளர் 1' என்றுதான் எழுத வேண்டும் என்று உத்தரவு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆள் 2008லேயே தன் பெயரைப் போட்டு ஒரு கனடா பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தார். ஊருக்கே தெரிந்த பெயரை எழுதியதற்காக ரோசன்பெர்க்குக்கும் மூன்று கனடா நிருபர்களுக்கும் தடை. பத்திரிகைகள் சண்டை போட்டன. இரண்டு மாதத்தில் தடை போனது. அதோடு விதியும் மாறியது, ஏற்கெனவே பொதுவில் இருக்கும் தகவலை வெளியிட்டால் குற்றமில்லை என்று. துரத்தப்பட்டதால் பின்னால் வருகிறவர்களுக்கும் ஒரு நல்லது நடந்தது.

2013ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் மூன்று விஷயங்கள்.

குவாண்டனாமோ நீதிமன்றத்தில் பத்திரிகையாளர்கள் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும். உள்ளே பேசுவது ஸ்பீக்கரில் 40 வினாடி தாமதமாகத்தான் கேட்கும். ரகசியம் ஏதாவது வந்துவிட்டால் நீதிபதி பக்கத்தில் இருக்கும் அதிகாரி பட்டனை அழுத்துவார், சிவப்பு விளக்கு எரியும், ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வரும். ஜனவரி 28 அன்று ஒரு வக்கீல் சி.ஐ.ஏ.வின் ரகசியச் சிறைகளைப் பற்றி மனுவொன்றைக் குறிப்பிட்டபோது திடீரென்று சத்தம் நின்றது. ஆனால் நீதிபதியோ அவர் பக்கத்தில் இருந்தவரோ பட்டனைத் தொடவே இல்லை! நீதிபதிக்கே தெரியாமல், நீதிமன்றத்துக்கு வெளியே யாரிடமோ இன்னொரு பட்டன் இருந்திருக்கிறது. கோபப்பட்ட நீதிபதி அந்த இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் அன்று காலியாக இருந்திருந்தால் இது இவ்வளவு பெரிய செய்தியாகியிருக்குமா?

அடுத்தது உண்ணாவிரதம். அப்போது இருந்தவர்கள் 166 பேர். ராணுவக் கணக்கின்படியே ஒரு கட்டத்தில் 106 பேர் சாப்பிட மறுத்தார்கள். நாற்காலியில் பட்டைகளால் கட்டி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊட்டினார்கள். தினமும் ராணுவம் தரும் எண்ணிக்கையை ஹெரால்ட் வரைபடமாகப் போட்டுக்கொண்டே வந்தது. இன்றைக்கு எத்தனை பேர், எத்தனை பேருக்குக் குழாய், எத்தனை பேர் மருத்துவமனையில். அவ்வளவுதான், கருத்து எதுவும் இல்லை. டிசம்பரில் ராணுவம், இனி எண்ணிக்கை தர மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஒரு வரைபடம் எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பதவியேற்ற இரண்டாம் நாளே, 2009 ஜனவரி 22 அன்று, ஒரு வருஷத்தில் சிறையை மூடுவேன் என்று ஒபாமா கையெழுத்துப் போட்டார் அல்லவா? அதற்காக ஒரு குழு 240 கைதிகளின் கோப்புகளைப் படித்து வகை பிரித்தது. சிலரை அனுப்பலாம், சிலர் மீது வழக்கு. கடைசியில் ஒரு வகை: 48 பேர். வழக்குப் போட ஆதாரம் போதாது, ஆனால் விடவும் முடியாது. குற்றச்சாட்டு இல்லாமல், தண்டனைக் காலம் இல்லாமல், காலவரையறையின்றி உள்ளே. 48 என்ற எண்ணிக்கை 2010ல் வெளியே வந்தது. பெயர்கள் வரவில்லை. தன் பெயர் அதில் இருக்கிறதா என்று ஏமனில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்?

நம்மூர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. அமெரிக்காவில் அதேபோன்ற சட்டம் 1966லிருந்தே உண்டு. ரோசன்பெர்க் அந்தச் சட்டப்படி பட்டியலைக் கேட்டார். கிடைக்கவில்லை. 2013 மார்ச்சில் ஹெரால்ட் வழக்குப் போட்டது. உதவிக்கு வந்தவர்கள் யேல் சட்டக் கல்லூரி மாணவர்கள்! (நம்ம வயசுதான் இருக்கும், படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.) ஜூனில் அரசு பட்டியலைக் கொடுத்தது. 48 பெயர்கள். 26 பேர் ஏமன்காரர்கள், 12 பேர் ஆப்கானியர்கள். அந்த ஆப்கானியர்களில் இரண்டு பேர் பட்டியல் வெளிவருவதற்கு முன்பே சிறையில் இறந்திருந்தார்கள்.

இந்தக் கைதிகள் எல்லோரும் அப்பாவிகளா என்றால், இல்லை. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமதுவும் அங்கேதான் இருந்தார். ரோசன்பெர்க் இதை மறைத்து எழுதியதே இல்லை. இறந்தவர்களின் குடும்பத்தினர் நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்து காத்திருந்ததையும் எழுதினார். 2012 மே மாதம் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட அந்த வழக்கில், 2024 முடிந்தபோதும் விசாரணை தொடங்கவில்லை. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலத்தை என்ன செய்வது என்ற கேள்வியிலேயே வருஷங்கள் ஓடின. கைதிக்கு நீதி மறுத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் சேர்த்தே மறுக்கிறோம் என்பது இந்த வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது பணம். காமர்ஸ் மாணவன் இதைத் தொடாமல் போனால் எப்படி? 2019 செப்டம்பரில் அவர் ஒரு கணக்குப் போட்டார். முந்தைய வருஷம் சிறைக்கும் அதன் நீதிமன்றத்துக்கும் ஆன செலவு 54 கோடி டாலருக்கும் மேல். கைதிகள் 40 பேர். தலைக்கு வருஷத்துக்கு சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர்! அமெரிக்காவின் மிகக் கடுமையான உள்நாட்டுச் சிறையான கொலராடோ சூப்பர்மாக்ஸில் 2012ல் தலைக்கு 78,000 டாலர்தான். குவாண்டனாமோவில் 40 கைதிக்கு 1,800 படையினர், ஒருவருக்கு 45 பேர். காஸ்ட் அக்கவுண்டிங்கில் நிலையான செலவு என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உற்பத்தி குறையக் குறைய யூனிட் விலை ஏறும். இங்கே யூனிட் என்பது மனுஷன். மனித உரிமை என்று பேசினால் காது கொடுக்காதவர்கள்கூட இந்தக் கணக்கைப் படித்தார்கள்.

ஆனால் செலவுக் கணக்கு அவருக்கு எதிராகவும் வேலை செய்தது. ஒரு பிராந்தியப் பத்திரிகை எத்தனை வருஷம்தான் ஒரு நிருபரைக் கியூபாவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்? பத்திரிகைகள் வருமானம் இழந்து ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்த காலம். கடைசியில் புலிட்சர் சென்டர் என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் ஆதரவோடு 2019 தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸுக்கு மாறினார். மேலே சொன்ன கணக்கு அங்கே வந்ததுதான். மயாமிக்காரர் மயாமியிலிருந்தே அதே வேலையைத் தொடர்ந்தார்.

2021 அக்டோபரில் மஜித் கான் என்ற கைதி, பால்டிமோர் அருகே பள்ளியில் படித்த பாகிஸ்தானியர், அல் காய்தாவுக்கு வேலை செய்ததை ஒப்புக்கொண்டவர், சி.ஐ.ஏ. தன்னை என்ன செய்தது என்று திறந்த நீதிமன்றத்தில் விவரித்தார். எட்டு ராணுவ அதிகாரிகள் கொண்ட ஜூரி 26 வருஷம் தண்டனை கொடுத்தது. பிறகு அவர்களில் ஏழு பேர் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார்கள், இந்த மனிதனுக்குக் கருணை காட்டுங்கள், இவனை நடத்திய விதம் அமெரிக்காவுக்கு ஒரு கறை என்று. சீருடை போட்ட அதிகாரிகள்! அந்தக் கடிதத்தை வெளியே கொண்டுவந்தது ரோசன்பெர்க்கின் செய்திதான். 2023 பிப்ரவரியில் கான் விடுவிக்கப்பட்டு பெலிஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். 2025 ஜனவரியில் 11 ஏமன்காரர்கள் ஓமனுக்குப் போன பிறகு சிறையில் மீதி இருந்தவர்கள் 15 பேர்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 2002 ஜனவரியில் அந்த மேட்டில் நின்றபோது படம் எடுக்க விடவில்லை என்றேன் அல்லவா? ராணுவத்தின் சொந்தப் புகைப்படக்காரர்கள் அப்போது நிறையவே எடுத்திருந்தார்கள், ரம்ஸ்ஃபெல்டு போன்ற பெரியவர்கள் வாஷிங்டனில் இருந்தபடியே பார்ப்பதற்காக. அவற்றில் சிலதை மட்டும் பென்டகன் வெளியிட்டது, மீதி ஆவணக் காப்பகத்துக்குப் போனது. அதே தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் அந்தப் படங்கள் டைம்ஸுக்குக் கிடைத்து, 2022 ஜூனில் ரோசன்பெர்க்கின் கட்டுரையோடு வெளிவந்தன. தூரத்தில் ஆரஞ்சு நிறமாக மட்டும் தெரிந்த அந்த மனிதர்களின் படங்கள், இருபது வருஷம் கழித்து.