பழைய எண் 420, புதிய எண் 318(4)

சென்னையில் விலாசம் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். வாசலில் "ப.எண் 14, பு.எண் 31" என்று ரெண்டு நம்பர் எழுதியிருக்கும். தெருமுனை பெட்டிக்கடைக்காரர் "ஓல்டா, நியூவா?" என்று கேட்காமல் வழி சொல்ல மாட்டார். அதே தெருவில் பு.எண் 14 என்று வேறொரு வீடும் இருந்து தொலைக்கும்.

போன வருஷம் எனக்கு இதே அனுபவம் ஒரு பத்திரத்துக்குள்ளே கிடைத்தது. ஃப்ளாட் கட்டிக் கொடுப்பதற்கான ஒப்பந்தம். நாளைக்குக் காலைல கையெழுத்து என்றால் முந்தின நாள் சாயங்காலம்தான் 26 பக்கத்தையும் அனுப்பி வைத்தார்கள். 18வது ஷரத்து, வீட்டை ஒப்படைக்கத் தாமதமானால் "ஷரத்து 11(சி)-யில் கண்டபடி" மாசாமாசம் நஷ்டஈடு உண்டு என்றது. 11க்குப் போனால் அங்கே பராமரிப்பு டெபாசிட் பற்றி (ஏ), (பி) என்று ரெண்டே ரெண்டு. (சி)யைக் காணோம். அரை மணி நேரம் புரட்டிய பிறகு 12(சி)யில் அகப்பட்டது. நடந்தது இதுதான்: யாரோ கார் பார்க்கிங் பற்றி 9வதாக ஒரு ஷரத்தை நடுவில் செருகியிருக்கிறார்கள். அதற்குக் கீழே எல்லாம் ஒரு வீடு தள்ளிப் போய்விட்டது. 18ல் கையால் அடித்த "11(சி)" மட்டும் பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான் இந்தப் பதிவு. சட்டப் புத்தகங்களில் ஏன் 304ஏ, 498ஏ என்று அசிங்கமாக எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று நானும் ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். ஒழுங்காக வரிசையாகப் போட்டால் என்னவாம்? என்ன ஆகும் என்று 11(சி) காட்டிக் கொடுத்துவிட்டது.

முதலில் உடற்கூறு கொஞ்சம். நம்ம ஊர்ச் சட்டத்தில் பெரிய அலகு பிரிவு. அதற்குள் (1), (2) என்று உட்பிரிவு. அதற்குள் (ஏ), (பி) என்று கூறு. அதற்கும் கீழே ரோமன் எண். எண், எழுத்து, எண் என்று மாறி மாறி வருவது சும்மா அழகுக்கு இல்லை. எந்த மாடியில் நிற்கிறோம் என்று பார்த்தவுடனே தெரியத்தான். கிராமத்துப் பட்டாவில் புல எண் 87/2பி1 என்று இருக்கிறதே, அதே சங்கதி. 87வது புலம், அதில் ரெண்டாவது துண்டு, அண்ணன் தம்பி பிரித்ததில் பி, அதிலும் பாதியை விற்றதில் 1. நம்பரைப் படித்தாலே நிலத்தின் வம்சாவளி வந்துவிடும். ஒப்பந்தத்தில் மட்டும் பெரிய அலகையே ஷரத்து என்கிறோம். பெயர்தான் வேறு, மாடிக்கணக்கு அதேதான்.

நிற்க. கொசுவர்த்தியைக் கொஞ்சம் பின்னால் சுத்துகிறேன்.

பிரிட்டிஷ் பாராளுமன்றச் சட்டங்களில் ஒரு காலத்தில் ஒவ்வொரு விதியும் "மேலும் சட்டமாக்கப்படுவது யாதெனில்" என்கிற மாதிரி ஒரு நீட்டு முழக்கத்தோடு தொடங்கும். பிரூம் பிரபு பெயரால் அறியப்படும் 1850ஆம் ஆண்டுச் சட்டம்தான், விதிகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்துவிட்டால் போதும், முழக்கம் வேண்டாம் என்று சொன்னது.

பத்து வருஷத்தில், 1860ல், இந்திய தண்டனைச் சட்டம் 511 பிரிவுகளோடு நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1862 ஜனவரி 1. மெக்காலேயின் 1837 வரைவில் 113வதாக ராஜத்துரோகக் குற்றம் இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அது விட்டுப்போயிருந்தது. பத்து வருஷம் கழித்து, 1870ல், அதை உள்ளே கொண்டுவந்தார்கள். 125 என்று போட்டால் பின்னால் உள்ள 387 பிரிவுகளும் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். அதுவரை வந்த தீர்ப்பு, குற்றப்பத்திரிகை, ஜெயில் ரெக்கார்டு எல்லாம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதனால் 124க்கும் 125க்கும் நடுவில் ஒரு திண்ணை கட்டி 124ஏ என்று குடிவைத்தார்கள். திலகரையும், 1908ல் நம்ம வ.உ.சி.யையும், 1922ல் காந்தியையும் உள்ளே தள்ளியது இந்தத் திண்ணைதான். கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் 304ஏ-வும் அதே 1870 சரக்கு.

சரி, நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால்? அப்போதும் தள்ளக்கூடாது, காலிமனையாக விட்டுவிட வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 75வது பிரிவுக்கு அடுத்தது 124. சரக்கு விற்பனை பற்றிய 76 முதல் 123 வரை 1930ல் தனிச் சட்டமாகப் போய்விட்டது. 1932ல் கூட்டாண்மையும் தனிக்குடித்தனம் போக, 239 முதல் 266 வரை வால் அறுந்தது. மிச்சம் இருப்பவர்கள் அவரவர் கதவு எண்ணிலேயே இருக்கிறார்கள்.

அரசியல் சாசனத்தில் கூத்து இன்னும் ஜாஸ்தி. கடைசி எண் 1950லும் 395, இன்றைக்கும் 395. உள்ளே எண்ணினால் 400ஐத் தாண்டும். புதுச்சேரி சட்டசபைக்கு வழி செய்தது 239ஏ, 1962ல் வந்தது. 1971ல் 239பி. அப்புறம் 1991ல் டெல்லியை அந்த ரெண்டுக்கும் நடுவில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. அதனால் டெல்லிக்கு 239ஏஏ. பஞ்சாயத்தும் நகராட்சியும் வந்த கதை இன்னும் தமாஷ். 243 என்ற எண் 1956ல் காலியானது. 1992ல் நிறைவேறிய 73, 74வது திருத்தங்களில் அந்தக் காலிமனையில் 243, 243ஏ, 243பி என்று அடுக்குமாடி கட்டி, இசட் வரை போய், இடம் போதாமல் 243இசட்-ஏ, இசட்-பி என்று 243இசட்-ஜி வரை போனார்கள்.

சொத்துரிமை பற்றிய 31வது உறுப்பு 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. அப்பா போயாச்சு, பிள்ளைகள் 31ஏ, 31பி, 31சி மட்டும் இருக்கிறார்கள். இதில் 31பி-தான் ஒன்பதாவது அட்டவணைக்கு வாசல். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்தை 1994ல் அந்த அட்டவணையில் சேர்த்தார்கள். அங்கே அதன் எண் என்ன தெரியுமா? 257ஏ!

ஆக இவ்வளவு காலமும் யாரும் எண்ணைக் கலைக்கவில்லை. 2024 ஜூலை 1ல் கலைத்தார்கள். 511 போய் 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கு 302 போய் 103(1). 304ஏ போய் 106(1). ஊரடங்கு என்றாலே நாம் சொல்லும் 144, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது, இப்போது 163. சினிமா வசனம் வரை ஏறிய 420, இனி 318(4). ("அவன் சரியான முன்னூத்திப் பதினெட்டு உட்பிரிவு நாலுடா" என்று திட்டிப் பாருங்கள், வாய் வலிக்கும் :-)) ஜூலைக்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் கோர்ட்டில் ரெண்டு எண்ணும் சேர்ந்து நடமாடுகின்றன. ஓல்டா, நியூவா?

ஆனால் அங்கே ஒரு தபால்காரர் உண்டு. 1897ஆம் ஆண்டுப் பொது ஷரத்துகள் சட்டத்தின் 8வது பிரிவு. ஒரு மத்தியச் சட்டத்தை நீக்கி மறுபடி இயற்றினால், மற்ற சட்டங்களிலும் பத்திரங்களிலும் உள்ள பழைய விலாசத்தைப் புதிய விலாசமாகவே படிக்க வேண்டும், வேறு எண்ணம் தெரிந்தால் ஒழிய, என்கிறது அது. கடிதம் திருப்பி அனுப்பப்படாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

என்னுடைய 11(சி)க்கு அந்தத் தபால்காரர் கிடையாது. அது ஒப்பந்தம் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் விலாசம். சண்டை வந்தால் கோர்ட் முழு ஒப்பந்தத்தையும் படித்து, உத்தேசம் 12(சி)தான் என்று சொல்லக்கூடும். அதற்கு வக்கீல் ஃபீஸும் வாய்தாவும் யார் கட்டுவது?

மறுநாள் காலை பில்டர் ஆபீசில் காட்டினேன். அந்தத் தம்பி முதலில் நம்பவில்லை. 26 பக்கத்தையும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்ததில் இதே மாதிரி இன்னும் ரெண்டு அகப்பட்டன. ஒன்று, நான் காசு கட்டத் தாமதமானால் வட்டி என்பது. அதுவும் தப்பான வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கும் சுறுசுறுப்பு வந்தது! முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுத்தாகிவிட்டதால் மூன்று இடத்திலும் பேனாவால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் ரெண்டு தரப்பும் சின்னக் கையெழுத்துப் போட்டோம்.

"நடுவுல செருகும்போது 8ஏ-ன்னு போட்டிருந்தா இந்த வம்பே இல்லையே தம்பி" என்றேன்.

"பார்க்க அசிங்கமா இருக்கும் சார்" என்றார்.

டிஸ்கி: அடியேன் வக்கீல் இல்லை. இதை நம்பி யாரும் கேஸ் போட வேண்டாம்.