ஸ்ரீ போட்ட பிக்அப்

மாத்தளையில ஒரு கொட்டிலுக்குள்ள பல வருஷமா ஓடாமக் கிடந்த மொரிஸ் மைனர் பிக்அப் ஒன்றை நண்பன் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவரப் போனோம். ரெண்டு சில்லு சுத்தவே இல்லை. பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிப்போயிருந்தது. "கயிறு கட்டி இழுப்போமா பாஸ்?" என்று கேட்டோம். "பிரேக் இல்லாத வண்டி இறக்கத்துல உங்களயே வந்து இடிக்கும் தம்பி" என்றார் அவர். டிரம்மைத் தட்டிக் கழற்றி, பலகை போட்டு, லொறியில ஏத்தித்தான் கொண்டுவந்தோம்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிக்அப் வந்தது 1953இல். கார் மாதிரி இல்லாம இதுக்குத் தனி சேசிஸ் இருக்கு. அதனாலதான் மேல தகடு துருப்பிடித்தாலும் அடி தாங்குது. 1971இல் உற்பத்தி நின்றபோது எல்லா வகையும் சேர்த்து 16 லட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள்.

இங்க மட்டும் அது நிற்கவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலும், 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரையிலும் இறக்குமதி இறுக்கமா இருந்தது. புதுசு கிடைக்காததால பழசைத் திருத்த வேண்டியிருந்தது. அந்தக் கைப்பழக்கம் எவ்வளவு தூரம் போனதென்றால், பிறகு இலங்கையில் செய்த மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. 2020இல் வாகன இறக்குமதி மறுபடி நின்றபோதும் இந்த பாஸ்மார்தான் நாட்டை ஓட வைத்தார்கள்.

எங்க வண்டியைக் கழுவினப்போ இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' தெரிந்தது. 'ஸ்ரீ வண்டி' என்றால் இன்று பழைய வாகனப் பிரியர்களுக்கு ஒரு பெருமை. ஆனா அந்த எழுத்துக்கு வேறொரு கதையும் இருக்கு.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957இல் புதிய இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ கட்டாயமானது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. பலர் தமிழ் ஸ்ரீயை எழுதி ஓட்டினார்கள். 1958இல் அரசு பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்கே வந்தபோது யாழ்ப்பாணத்தில் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் தேதி பண்டாரநாயக்க, செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் தமிழர் மீதான வன்முறை வெடித்தது. ஒரே ஒரு எழுத்து அதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. யாரையும் கேட்காம ஒரு மொழியை எல்லார் வண்டியிலும் ஒட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

"தகட்டைக் கழட்டிக் கொல்லைல வீசுவோமா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் விட்டுவிட்டோம். பதிவு இலக்கம் அதுதான். மறைத்தால் வரலாறும் சேர்ந்து மறையும்.

ஓட்டுநர் இருக்கைப் பக்கம் தரைக்கு அடியில் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரை பாஸ் இன்னும் கழற்றிக்கொண்டிருக்கிறார். வண்டி ஓடத் தொடங்கினதும் தெருவில் யாராவது "அட, ஸ்ரீ வண்டி!" என்று கைகாட்டுவாங்க. நிறுத்தி, ரெண்டு கதையையும் சொல்லணும்.