மலைச்சரிவில் ஓர் இரைச்சல்

தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தவர்கள். அவரே காது கேளாதோருக்கு ஆசிரியராக இருந்தவர். தொலைபேசியின் கரி ஒலிவாங்கியைக் கொண்டுதான் தொடக்ககால மின்செவிக்கருவிகளும் செய்யப்பட்டன. இரண்டும் உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம்.

கம்பித் தொலைபேசியில் அவ்வுறவு நீடித்தது. அதன் கேட்பானிலிருந்து கசியும் காந்தப்புலத்தைச் செவிக்கருவிக்குள் இருக்கும் 'டெலிகாயில்' என்னும் கம்பிச்சுருள் வாங்கிக்கொள்ளும். சந்தடி விலகிப் பேச்சு மட்டும் காதில் விழும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்த என் தாய்மாமா, காது மிஷினின் விசையை 'டி' என்ற எழுத்துக்குத் தள்ளிவிட்டு விலை பேசுவதைச் சிறுவயதில் வியந்து பார்த்திருக்கிறேன்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு தில்லியிலிருந்த சுக்ராமுடன் பேசியபோது இந்தியாவில் கைபேசிக் காலம் தொடங்கிற்று. சில ஆண்டுகள் கழித்து மாமாவும் ஒன்று வாங்கினார். காதில் வைத்ததும் வண்டு குடைவது போன்ற இரைச்சல்! ஜிஎஸ்எம் கைபேசி, பேசும்போது அலைகளைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அனுப்பும். செவிக்கருவியின் பெருக்கி அத்துடிப்பையும் ஒலியாக்கிவிடும். கோபுரத்தின் அலை நலியும் இடங்களில் கைபேசி தன் திறனைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே ஊருக்குள் முனகிய வண்டு, போடிமெட்டுக்கு ஏறும் வளைவுகளிலும் தோட்டச் சரிவுகளிலும் அலறியது. கிலோவுக்கு ஐந்நூற்று இருபதா, அறுபதா என்பது விளங்காமல் ஒருமுறை சரக்கைக் கைநழுவவிட்டார். கைபேசி விற்றவர் மிஷினைக் குறை சொன்னார். மிஷின் விற்றவர் கைபேசியை.

கோளாறு இரண்டிலும் இல்லை, இசைவின்மையில் இருந்தது. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் கம்பித் தொலைபேசிகள் செவிக்கருவிக்கு இசைந்திருக்க வேண்டும் என்றது, கைபேசிக்கோ விலக்களித்தது. 2003இல்தான் அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் அவ்விலக்கைத் தளர்த்தியது. ஒலிவாங்கி வழிக் கேட்டலுக்கு 'எம்', சுருள் வழிக் கேட்டலுக்கு 'டி' எனத் தரக்குறிகள் வந்தன. எண் 3 அல்லது 4 எனில் இசைவுண்டு என்று கொள்ளப்பட்டது. எல்லாக் கைபேசிகளும் இசைந்தாக வேண்டும் என்று விதி வகுக்க 2024 வரை ஆயிற்று.

3ஜி வந்தபின் இரைச்சல் பெரிதும் அடங்கியது. 2014இல் ஐபோனிலிருந்து பேச்சைக் கம்பியின்றி நேரே வாங்கும் செவிக்கருவிகள் வந்தன. இன்றும் எல்லாக் கருவியும் எல்லாக் கைபேசியோடும் சேர்வதில்லை. செவிக்கருவியை அணிந்தபடி கடையிலேயே பேசிப்பார்த்து வாங்குவதே நல்லது. மாமாவுக்கு இவையொன்றும் வாய்க்கவில்லை. கைபேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, கடைசிவரை மலையிலிருந்து இறங்கிவந்து கடையின் கம்பித் தொலைபேசியில்தான் விலை பேசினார்.