விண்மீன் ஒளியில் நமது வரலாறு



பிரபஞ்சம் மிகப் பெரியது என்று நாம் எல்லோரும் சொல்கின்றோம். ஆனால் அதன் விசாலம் நம் உள்ளத்தில் பதிந்திருக்கின்றதா? ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கின்றது. ஓர் ஆண்டில் அது கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு; அதாவது சுமார் 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். இந்த எண்களை மனனம் செய்யலாம், உணர்வது கடினம். உணர்வதற்கு நமக்குப் பழக்கமான ஓர் அளவுகோல் வேண்டும். நாம் கடந்து வந்த வரலாறே அந்த அளவுகோல்.

ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், நிலவில்லாத ஓர் இரவில், சம்பூர்க் கரையில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் வடக்கே நோக்குங்கள். நீட்டிய கையின் முஷ்டி அளவுக்கும் குறைவான உயரத்தில் துருவ விண்மீன் மங்கலாகத் தெரியும். அது இவ்வளவு தாழ்வாக நிற்பது ஏன்? ஓர் இடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்திலேயே அங்கு துருவ விண்மீன் தோன்றும். சம்பூர் அமைந்திருப்பது சுமார் எட்டரைப் பாகையில்.

இந்த உண்மையைக் கொண்டே அரபு மாலுமிகள் இந்து சமுத்திரத்தைக் கடந்தார்கள். அவர்களிடம் 'கமால்' என்ற எளிய கருவி இருந்தது. அது முடிச்சிட்ட நூல் கோத்த ஒரு சிறு மரப்பலகை. பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை விண்மீனிலும் பொருத்தி, அதன் உயரத்தை அறிந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் இக்கலையை விரிவான நூல்களாக எழுதிவைத்தார்.

அத்துருவ விண்மீனின் ஒளி நம்மை வந்தடைய 430 முதல் 450 ஆண்டுகள் வரை செல்கின்றன. இன்று நீங்கள் காணும் ஒளி, 1624இல் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டுவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. 1660இல் கொட்டியாரக் குடாவில் ரொபர்ட் நொக்ஸ் சிறைபிடிக்கப்பட்டபோதும் அது வழியிலேதான் இருந்தது.

இனி, தலையை உயர்த்துங்கள். உச்சிக்கு அருகே ஒளிர்வது 'அல்தாயிர்'. அதற்கு வடமேற்கே இன்னும் பிரகாசமாகத் தெரிவது 'வேகா'. இரண்டும் அரபுப் பெயர்களின் திரிபுகளே: முன்னையது பறக்கும் கழுகு, பின்னையது இறங்கும் கழுகு. வேகாவின் தூரம் 25 ஒளியாண்டுகள். அல்தாயிரின் தூரம் சுமார் 17.

சற்றுச் சிந்தியுங்கள். வேகாவிலிருந்து இன்று வரும் ஒளி 2004 டிசம்பர் சுனாமிக்கு முன்னரே புறப்பட்டது. அல்தாயிரின் ஒளியோ, போர் ஓய்ந்த 2009ஐ ஒட்டிய காலத்தில் புறப்பட்டது. கடல் கரையேறிய நாளும், 2006இல் சம்பூர்த் தமிழ் மக்களும் மூதூர் முஸ்லிம்களும் உயிரைக் காக்க ஊரைவிட்டு வெளியேறிய நாட்களும் இவ்விரு ஒளிகளுக்கும் இடையே அடங்கிவிடுகின்றன. சம்பூர் மக்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியபோது, அல்தாயிரின் ஒளி பாதி வழியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. இவையோ வானத்தில் நமக்கு மிக நெருங்கிய அயலவர்கள்!

தொலைவில் இருப்பதையும் வெறுங்கண்ணால் காணலாம். நள்ளிரவை அண்டி, வடகிழக்கே ஒரு மங்கலான புகைத்திட்டு தெரியும். ஹிஜ்ரி 353 அளவில், அதாவது கி.பி. 964இல், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தமது விண்மீன் நூலில் அதனை ஒரு சிறு மேகம் என்று பதிவுசெய்தார். அது நமது பால்வீதிக்கு வெளியே உள்ள வேறொரு விண்மீன் மண்டலம் என்பதை எட்வின் ஹபிள் 1920களில் நிறுவினார். அந்த அந்திரமேடா மண்டலத்தின் ஒளி ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து நம்மை அடைகின்றது. மனித வரலாறு முழுவதும் அந்தப் பயணத்தின் கடைசிச் சில அடிகள் மாத்திரமே.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு எட்டரை வயதாயின், சூறா அந்நஜ்மில் பெயர் கூறப்பட்ட 'அஷ்ஷிஃரா' விண்மீனை ஜனவரி முதல் ஏப்ரல் வரையான முன்னிரவுகளில் காட்டுங்கள். பிள்ளை பிறந்த காலத்தில் புறப்பட்ட ஒளி அது. 17 வயதாயின் அல்தாயிரைக் காட்டுங்கள். தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, இருள் கண்ணுக்குப் பழகும்வரை பொறுத்திருங்கள். இந்த மாபெரும் விரிவில் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதைப் பிள்ளை தானே உணரும். அவ்வாறு உணர்ந்த உள்ளத்தில் பெருமைக்கும் அயலவன் மீதான பகைக்கும் இடமேது?