கானா: கோகோ வாரியமும் சந்தைச் சீர்திருத்தமும்

வேளாண் சந்தையைத் திறந்துவிடுவதா, அரசின் பிடியில் வைப்பதா என்ற விவாதத்தில் பொருளாதாரக் கணக்கு பாதிதான். மீதி ஆட்சியாளரின் கணக்கு. மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் கோகோ இதற்கு நல்ல சான்று. 1937-38இல் ஐரோப்பிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்கியபோது, விவசாயிகள் கோகோவை விற்க மறுத்தனர். 1947இல் அமைந்த அரசு கோகோ வாரியம், விலை ஏறும்போது மிச்சம் பிடித்து, இறங்கும்போது கைகொடுப்பதாகச் சொன்னது. பிடித்ததில் பெரும்பங்கு அரசுச் செலவுக்கே போயிற்று. 1954இல் உலக விலை உச்சத்தில் இருக்க, அன்றைய தலைவர் இன்க்ருமாவின் அரசு 60 பவுண்டுச் சுமைக்கு 72 ஷில்லிங் என நான்காண்டுகளுக்கு விலையைக் கட்டிப்போட்டது. கோகோ விளையும் அஷாந்திப் பகுதியில் எதிர்ப்பியக்கம் மூண்டது. 1964-65இல் ஐந்தரை லட்சம் டன்னாக இருந்த விளைச்சல், 1983-84இல் ஏறக்குறைய 1.6 லட்சம் டன்னாகச் சரிந்தது. வறட்சியும் காட்டுத்தீயும் ஒரு காரணம். ஆனால் கட்டுப்படியாகாத விலைக்கு யார் புது மரம் நடுவார்கள்? நகரத்துக் கூட்டம் ஆட்சியைக் கவிழ்க்கும், சிதறிக் கிடக்கும் விவசாயியால் அது முடியாது என்பதே இக்கொள்கையின் வேர் என்று அரசியல் அறிஞர் ராபர்ட் பேட்ஸ் 1981இல் வாதிட்டார்.

1983க்குப் பின் ராணுவ ஆட்சியாளர் ராலிங்ஸின் அரசு கொள்முதல் விலையை உயர்த்தி, வாரியத்தில் ஆட்குறைப்பும் செய்தது. 1992-93 முதல் தனியாருக்கு உள்நாட்டுக் கொள்முதல் உரிமம் கிடைத்தது. ஏற்றுமதி மட்டும் வாரியத்திடமே நின்றது. செலவு வைக்கும் வேலையை விட்டுக்கொடுத்து, டாலர் வரும் வாசலை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. வரப்போகும் விளைச்சலைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளிடம் ஆண்டுதோறும் கடன் வாங்க வழி செய்ததும் அந்த வாசல்தான். அறிவித்த விலைக்கு மேல் தருவோர் அரிது என்பதால், தனியாரின் போட்டி முன்பணத்திலும் பரிசுப்பொருளிலும் முடிந்தது. 64 கிலோ மூட்டையை நிறுக்கும் தராசில் கைவைக்கிறார்கள் என்பது விவசாயிகளின் தீராத குறை.

வாரியத்தை அடியோடு கலைத்திருக்கலாமே என்பார்கள். 1986இல் நைஜீரியா கலைத்தது. அங்கே தரம் கெட்டது. ஐவரி கோஸ்ட் 1999இல் கலைத்துவிட்டு, பத்தாண்டுக்கு மேல் கழித்து விலை நிர்ணயத்துக்கே திரும்பியது. ஆனால் தரச் சோதனைக்கு ஏற்றுமதி ஏகபோகம் அவசியமில்லை. விலைப் பாதுகாப்பு என்ற வாதம் இதைவிட வலுவானது: 2017இல் உலக விலை விழுந்தபோது ஐவரி கோஸ்ட் கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 1,100 பிராங்கிலிருந்து 700க்கு வெட்டியது, கானாவோ மூட்டைக்கு 475 செடியை (கானா நாணயம்) விடாமல் கொடுத்தது. கானாவின் அந்த விலை 2016 தேர்தலுக்குச் சற்று முன் அறிவிக்கப்பட்டது. 1954இல் வாரியம் இருந்தது, 2017இலும் இருந்தது. இடையில் மாறியது கோகோ விவசாயியின் வாக்குக்கு இருந்த மதிப்பு. அந்தத் தாராளத்தின் சுமை வாரியத்தின் கணக்கில் ஏறியது. 2024இல் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, விளைச்சலில் பெரும்பகுதி முன்பே குறைந்த விலைக்கு விற்கப்பட்டிருந்தது. 2024-25 பருவத்துக்கு வாரியம் வழக்கமான வெளிநாட்டுக் கடனைக் கைவிட்டு, கொள்முதல் பணத்தை வியாபாரிகளே போடட்டும் என்றது.