கொம்புப் பிடி: மடக்குக்கத்தியின் பிடிப்பொருளும் திருவனந்தபுர வட்டாரச் சொல்வழக்கும்

முன்னுரை

மடியிலும் சட்டைப்பையிலும் வைத்துக்கொள்ளும் சிறு கத்திகளின் வரலாறு பெரும்பாலும் அலகின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால், கத்தியை உடையவன் தன் விருப்பத்தைக் காட்டிய இடம் அலகு அன்று, பிடியே ஆகும். அலகு இரும்பு அல்லது எஃகு என்ற அளவில் நின்றுவிடும். பிடியோ மரம், கொம்பு, தந்தம், எலும்பு, உலோகம் எனப் பலவாறு அமையும். அதன் நிறமும் பொருளுக்கேற்ப மாறும். இவ்விருப்பங்களைப் பதிவு செய்துள்ள சொற்களில் 'கொம்பு' என்பது தனிக்கவனத்திற்குரியது. தமிழும் மலையாளமும் நெருங்கிப் புழங்கும் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு இச்சொல்லின் பொருட்பரப்பையும், அது மொழிபெயர்ப்பில் எழுப்பும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்தோடு பிறந்த கத்தி

சிறு மடக்குக்கத்தி பல நாடுகளில் எழுதுதொழிலின் துணைக்கருவியாகவே வளர்ந்தது. ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவ ஒரு கத்தி வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் அதனைப் பேனாவின் பெயராலேயே வழங்கினர். 'இறகு' என்னும் பொருளுடைய 'பேனா' என்ற போர்த்துக்கீசியச் சொல் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுகோலுக்குப் பெயரானபின், அக்கத்தி 'பேனாக்கத்தி' எனப்பட்டது. இறகுப் பேனா மறைந்த பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழகத்திலும் இதற்கு இணையான கருவி முன்னரே இருந்தது. அதுவே மடக்கெழுத்தாணி. பனையோலையை வாரி ஒழுங்கு செய்யக் கத்தியும், எழுத்தைக் கீற எழுத்தாணியும் தேவை. இவ்விரண்டையும் ஒரே பிடியின் இரு முனைகளிலும் பொருத்தி, வேண்டாதபோது மடக்கிப் பிடிக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும் அமைப்பு மடக்கெழுத்தாணியாகும். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகளை விளக்குகிறார். மடக்கெழுத்தாணியின் பிடிக்கு மரம், தந்தம், மாட்டுக்கொம்பு ஆகிய மூன்றனையும் அவர் சுட்டியிருப்பது இங்கு முதன்மையானது. பிடி ஒரே பொருளால் அமையவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும், தேர்வுக்கு இடம் இருந்தது என்பதும் இதனால் தெளிவாகின்றன.

திருவனந்தபுரம் ஓலை எழுத்தின் பெருநகரங்களுள் ஒன்று. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் பல லட்சம் ஓலைகளைக் கொண்டவை. ஓலைகளைச் சுருட்டிக் கட்டிய கட்டுகள் 'சுருணை' என வழங்குகின்றன. வட்டெழுத்து, மலையாண்மை, தமிழ், கிரந்தம் எனப் பல எழுத்துமுறைகள் அந்நகரின் ஓலைகளில் காணப்படுகின்றன. காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், கோட்டைப் பகுதியில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் இம்மரபின் எச்சங்களைக் காத்து வருகின்றன. இத்தனை ஓலைகளுக்குப் பின்னால் அத்தனை கைகளும், அக்கைகள் பற்றிய பிடிகளும் இருந்தன.

பெயரிடும் நெறிகள்

ஒரே கருவிக்கு மொழிகள் வெவ்வேறு கூறுகளை அடிப்படையாகக் கொண்டு பெயரிடுகின்றன. ஜெர்மானியர் அதனை வைக்கும் இடத்தால் 'பைக்கத்தி' என்றனர். ஆங்கிலத்தில் இடத்தால் பெற்ற பெயரும் எழுதுகோலால் பெற்ற பெயரும் அருகருகே வழங்குகின்றன. தமிழ் அதன் இயக்கத்தால் 'மடக்குக்கத்தி' என்றது. மலையாளத்தில் சிறு கத்தியைக் குறிக்கும் பொதுச்சொல் 'பிச்சாத்தி'. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்து 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த குமரி மாவட்டத்தின் பேச்சுத்தமிழிலும் இச்சொல் உண்டு. இதனோடு உறவுடைய 'பீச்செக்கத்தி' என்பது குடகு மக்களிடம் அணிகலன் போன்ற இடைக்கத்தியைக் குறிக்கிறது. குடகு மணமகன் பட்டுக் கச்சையில் செருகும் இக்கத்தியின் உறையும் பிடியும் வெள்ளி வேலைப்பாட்டால் சிறப்புப் பெற்றவை. ஒரு மொழியில் அடுக்களைக் கருவியாகவும் பிறிதொன்றில் மணக்கோலத்தின் உறுப்பாகவும் ஒரே சொற்குடும்பம் நிற்பதை இங்குக் காணலாம். தாழ்வும் உயர்வும் பெயரால் அமையவில்லை. பிடியாலும் உறையாலும் அமைந்தன.

கருவியின் கைப்பகுதிக்கும் தமிழில் ஒரே சொல் இல்லை. 'பிடி' என்பது வினையடியாகப் பிறந்து, கைக்குள் அடங்குவதைக் குறிக்கும். 'காம்பு' என்பது மலர், இலை ஆகியவற்றின் தண்டிலிருந்து விரிந்து, குடை முதலியவற்றின் நீண்ட கைப்பகுதியைக் குறிக்கும். கத்திக்குப் பிடியே இயல்பான சொல்லாகும். பிடிப்பொருளை உணர்த்தும்போது தமிழ் பொருட்பெயரை முன்வைத்துத் தொகையாக்குகிறது: மரப்பிடி, தந்தப்பிடி, எலும்புப்பிடி, கொம்புப்பிடி. இத்தொகைகளுள் முதல் மூன்றும் ஐயத்திற்கு இடம் தருவதில்லை. நான்காவதே ஆராயத்தக்கது.

'கொம்பு' - ஒரு சொல், மூன்று பொருள்கள்

உடற்கூற்று நோக்கில் 'கொம்பு' எனப்படுவன மூன்று வெவ்வேறு பொருள்களாகும். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் கொம்பு, நகத்தை ஒத்த பொருளாலான உறை. உள்ளே எலும்பு மையம் இருக்கும். அதனை நீக்கினால் உறை குழல்போல் நிற்கும். மானின் கொம்பு எலும்பே. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. யானையின் கொம்போ நீண்டு வளர்ந்த முன்வரிசைப் பல். ஆங்கிலம் இம்மூன்றற்கும் மூன்று தனிச்சொற்களை வைத்துள்ளது. தமிழும் மலையாளமும் தலையிலிருந்தோ முகத்திலிருந்தோ கூர்மையாக நீண்டு நிற்கும் உறுப்பு என்ற வடிவ ஒற்றுமையை மட்டுமே கருதி மூன்றையும் 'கொம்பு' என்றன. மரக்கிளைக்கும் இச்சொல்லே ஆயிற்று. 'கோடு', 'மருப்பு' என்னும் பழஞ்சொற்களும் விலங்கின் கொம்பையும் யானையின் தந்தத்தையும் ஒருசேரக் குறித்தவையே. வடமொழியில் 'விஷாணம்' என்ற சொல்லும் இவ்வாறே இரண்டையும் குறிக்கும். ஆகவே இது சொல்வறுமை அன்று. உலகைப் பகுக்கும் ஒரு முறை என்பது உணரத்தக்கது.

இப்பகுப்பின் உறுதியை இரு சொற்கள் காட்டுகின்றன. தந்தமுடைய ஆண்யானை 'கொம்பன்' எனப்படுகிறது. தமிழில் 'மோழை' என்பது கொம்பில்லாத மாட்டைக் குறிக்க, அதன் இனச்சொல்லான மலையாள 'மோழ' தந்தமில்லாத ஆண்யானையைக் குறிக்கிறது. கொம்பின்மையும் தந்தமின்மையும் ஒரே குறையாகக் கருதப்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பொருளிலிருந்து வடிவத்திற்குச் சொல் நகர்ந்தமைக்கும் சான்றுகள் உண்டு. உலோகத்தால் செய்த ஊதுகருவி 'கொம்பு' என்றே வழங்குகிறது. எகர ஏகாரக் குறியீடுகளும் 'ஒற்றைக்கொம்பு', 'இரட்டைக்கொம்பு' எனப் பெயர் பெற்றன.

எழுத்துத்தமிழில் 'தந்தம்' என்ற வடசொல் யானைக்கொம்புக்கு உரியதாக ஒதுங்கியபின், இப்பொருட்பரப்பு சுருங்கத் தொடங்கியது. 'பல்' என்னும் பொருளுடைய சொல் வந்ததால், உறுப்பின் வடிவத்தைக் கருதிய பெயரிடுதல் அதன் இயல்பைக் கருதியதாக மாறியது. சாமிநாதையர் 'தந்தம்' என்று தனித்தும், கொம்பை 'மாட்டுக்கொம்பு' என்று அடையோடும் கூறுவது இம்மாற்றத்திற்கு நல்ல சான்று. மலையாளத்திலோ 'தந்தம்' வழங்கினாலும் 'ஆனக்கொம்பு' என்ற வழக்கு வலுவாக நிலைத்துள்ளது. மலையாளத்தோடு நெருங்கிப் புழங்கும் ஒருவர் 'கொம்புப்பிடி' என்று சொல்லும்போது எதனைக் கருதினார் என்பது சூழலாலன்றி விளங்காது.

பிடிப்பொருளும் தேர்வும்

பிடிப்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் விருப்பத்தோடு கிடைக்கும் வாய்ப்பும் கலந்திருந்தது. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்கு உரிய மரங்கள். யானைத்தந்தமும் அரசின் உரிமைப்பொருளே. எனவே கருங்காலிப் பிடியும் தந்தப்பிடியும் அழகை மட்டுமன்றி, அரசின் உரிமைக்கு உட்பட்ட பொருளைப் பெறக்கூடிய நிலையையும் உணர்த்தின. அரசவையின் ஆதரவில் தந்தவேலை திருவனந்தபுரத்தில் சிறந்து விளங்கியது. உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்த அரியணை 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1888இல் நிறுவப்பட்ட கலைப்பள்ளி கைவினைப் பயிற்சிக்கு நிலையான இடமாயிற்று.

எருமைக்கொம்பும் மாட்டுக்கொம்பும் இத்தகைய கட்டுப்பாட்டுக்கு உட்படாதவை. திருவனந்தபுரத்தின் கொம்புவேலை இன்றும் அறியப்படும் கைவினையாகும். கொம்பு சூட்டில் இளகும், அழுத்தினால் தகடாகும், ஆறியபின் அவ்வடிவிலேயே நிற்கும். மடக்குக்கத்திக்கு இரு பக்கங்களிலும் ஒட்டும் மெல்லிய தகடுகள் தேவைப்படுவதால், இப்பண்பு பெரிதும் பயன்பட்டது. ஆயினும் கொம்பு ஈரத்தில் வளையும், புழு அரிக்கும். தந்தம் இழைப்பதற்கு இசைவானது. ஆனால் வறட்சியில் வெடிக்கும். மரம் எளிது, ஆனால் அலகை உள்ளடக்கும் பள்ளம் ஆழமாகும்போது பிளக்கக்கூடும். மான்கொம்பின் மேற்பரப்பு இயல்பாகவே கரடுமுரடானது; ஈரக்கையிலும் வழுக்காது.

மான்கொம்புள் கடமானின் கொம்பு உலகச் சந்தையில் இடம் பெற்றது. குமரிப் பகுதித் தமிழில் இவ்விலங்கு 'மிளா' எனப்படும், மலையாளத்தில் 'ம்லாவு'. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்தித்தொழில் தன் உயர்தரப் பிடிகளுக்கு இந்தியக் கடமான் கொம்பையே பெரிதும் நாடியது. இந்தியக் காட்டில் உதிர்ந்த கொம்பு ஆங்கிலேயக் கத்திக்குப் பிடியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியா இவ்வேற்றுமதியை நிறுத்தியபின், எலும்பில் செதுக்கிச் சாயமேற்றிய போலிப்பிடிகளின் தேவை கூடியது.

நிறம்

பிடியின் நிறம் தொடக்கத்தில் பொருளின் நிறமே. தந்தம் வெண்மை, எருமைக்கொம்பு கருமை, மாட்டுக்கொம்பு ஒளி ஊடுருவும் மஞ்சள், ஈட்டி கருஞ்சிவப்பு. ஆகவே 'வெள்ளைப்பிடி' வேண்டும் என்பதும் குறிப்பிட்ட பொருள் வேண்டும் என்பதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஓலையில் கீறிய எழுத்து விளங்க மை தடவும் வழக்கம் உண்டு. மை பட்ட விரலால் வெண்பிடியில் கறையேறும், கரும்பிடியில் அது தெரிவதில்லை. தந்தம் கைவியர்வையாலும் காலத்தாலும் பழுப்பேறும். தமிழில் 'பழுப்பு' என்பது முதிர்ந்த இலையின் மஞ்சளையும், தனி நிறமாகிய மண்நிறத்தையும் குறிப்பதால், 'பழுப்புநிறப் பிடி' என்ற தொடர் முதிர்ந்த தந்தத்தையும் மான்கொம்பையும் ஒருங்கே சுட்டக்கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்லுலாய்டு வந்தபின் நிறம் பொருளிலிருந்து பிரிந்தது. தந்தத்தின் வரிகளைக்கூடப் போலியாக அமைத்த பிடிகள் சந்தைக்கு வந்தன. அதன்பின் 'தந்தப்பிடி' என்பது பொருளா, நிறமா என்ற புதிய ஐயம் தோன்றியது. பொருளைச் சொல்லும் பெயர் நிறத்தைச் சொல்லும் பெயராக மாறும் இப்போக்கு, பிற நிறப்பெயர்களின் வரலாற்றோடு ஒப்பிடத்தக்கது.

சட்டமும் மொழிபெயர்ப்பும்

கத்தியைப் பற்றிய பழைய சட்டங்கள் அலகையே நோக்கின. 1854ஆம் ஆண்டு மலபாரில் மாப்பிள்ளைமாரின் போர்க்கத்திகளைத் தடைசெய்த சட்டம் அதற்கு எடுத்துக்காட்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் பிடியும் சட்டத்தின் பார்வைக்கு வந்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத்தந்த வணிகத்தையும், 1991ஆம் ஆண்டுத் திருத்தம் இறக்குமதித் தந்தத்தின் வணிகத்தையும் தடைசெய்தன. தந்தத்தில் கைபழகிய கைவினைஞர் மரத்திற்கும் பிற பொருள்களுக்கும் மாறவேண்டியதாயிற்று.

இந்நிலையில் 'கொம்புப்பிடிக் கத்தி' என்று ஒரு குடும்ப ஆவணத்திலோ அருங்காட்சியகப் பட்டியலிலோ காணப்படும் தொடரை மொழிபெயர்ப்போர் எருமைக்கொம்பு என்று கொண்டால், தந்தம் ஒன்று பட்டியலிலிருந்து மறைந்துவிடக்கூடும். தந்தம் என்று கொண்டால், எளிய உழவனின் கத்தி விலையுயர்ந்த, சட்டத்தால் தடுக்கப்பட்ட பொருளாகிவிடும். முன்னது வரலாற்றைக் குறைக்கிறது. பின்னது ஒருவரைக் குற்றத்திற்கு உள்ளாக்கவும் கூடும். எனவே பொருள் உறுதிப்படாத இடத்தில் 'கொம்பு' என்ற மூலச்சொல்லையே நிறுத்தி விளக்கம் தருவதே தக்கது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது இதன் மறுதலை வேண்டும். 'மாட்டுக்கொம்பு', 'மான்கொம்பு', 'யானைத்தந்தம்' என விலங்கின் பெயரை அடையாகச் சேர்த்தல் கட்டாயமாகும். தந்தத்தின் நிறம் மட்டும் கருதப்படுமிடத்தில் 'தந்தநிறம்' என வெளிப்படக் கூறுதல் வேண்டும்.

முடிவுரை

மடக்குக்கத்தியின் பிடியில் தனிமனிதரின் விருப்பமும், அரசின் பொருளுரிமையும், கைவினைஞரின் திறனும் ஒருங்கே பதிந்துள்ளன. அவ்விருப்பங்களை வேறுபடுத்தி அறிய உதவும் சொற்களுள் 'கொம்பு' வடிவத்தை உணர்த்திப் பொருளை மறைக்கிறது. அகராதிகள் இதன் பொருள்களை வரிசைப்படுத்தித் தருவதோடு நில்லாது, எப்பொருள் எவ்வட்டாரத்தில் எக்கருவியோடு வழங்கியது என்பதையும் பதிவு செய்யின், சுவடிப்பட்டியல் அமைப்போர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் பெரிதும் பயன்படும். தென்திருவிதாங்கூர்த் தமிழ் வழக்கில் இப்பணியை முதலில் மேற்கொள்ளலாம். பழைய கத்திகளையும் எழுத்தாணிகளையும் வைத்திருப்போர் அவற்றின் பிடிகளை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதைக் கேட்டுப் பதிவதும், அப்பொருளை நேரில் கண்டு உறுதி செய்வதும் ஒருங்கே நிகழவேண்டும்.