மேலே பீட்சா, கீழே புரோட்டா

நியூயார்க்குக்குப் போகிறவர்களில் ஒரு சாரார் சிலையையும் பாலத்தையும் பார்க்கும் முன்பே பீட்சா கடைகளைச் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். ஒரு கடையில் ஒரு துண்டு, அடுத்த தெருவில் இன்னொன்று. நின்றபடியே தின்றுவிட்டு, எது மேல் என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்த ஆட்டத்தைக் கொடைக்கானலில் ஆடிப் பார்க்கலாம் என்று மலையேறுகிறவர் ஏமாந்துதான் போவார். அங்கே நல்ல பீட்சா உண்டு. ஆனால் பெரும்பாலும் முழு வட்டமாகத்தான் மேசைக்கு வரும். இரண்டு கடை ஏறினால் வயிறும் பணப்பையும் ஒன்றாகக் கையை விரித்துவிடும். கடை கடையாகச் சுவைத்துப் பார்க்கும் ஆசை இருந்தால் மலையடிவாரத்து வத்தலக்குண்டிலேயே இறங்கிவிடலாம். அங்கே தின்ன வேண்டியது புரோட்டா.

'நம்மூர் பீட்சா' என்று ஊத்தப்பத்தைக் காட்டுவது வழக்கம். வட்டமாக இருக்கிறது, மேலே வெங்காயம் தூவியிருக்கிறது என்பதற்கு மேல் அந்த ஒப்புமையில் சத்தில்லை. ஊத்தப்பம் அரிசியும் உளுந்தும் சேர்ந்த காலைப் பலகாரம். நகரத்துத் தெருவில் பீட்சா துண்டு செய்கிற வேலையை இங்கே செய்வது புரோட்டாதான்: மைதா, தீ, கண்ணெதிரே வேலை செய்யும் ஓர் ஆள், நள்ளிரவு நெருங்கியும் அணையாத அடுப்பு, பேருந்துக்குக் காத்திருப்பவனின் பசி.

முதலில் மேலே போவோம். கொடைக்கானலில் பீட்சா விற்பது வினோதமே இல்லை. மதுரையிலிருந்து வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி 1845-இல் அங்கே வீடு கட்டியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1901-இல் தொடங்கிய அவர்கள் பள்ளி இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. ரொட்டி சுடும் அடுப்பு அந்த ஊருக்கு இட்லிக் கொப்பரை அளவுக்கே பழக்கப்பட்டது. பிறகு வட்டக்கானலுக்கு இஸ்ரேலிய இளைஞர்கள் வரத் தொடங்க, ஹம்முஸும் ஷக்ஷுகாவும் பலகையில் ஏறின. பி.டி. சாலையில் கிளவுட் ஸ்ட்ரீட் என்ற உணவகம் விறகு அடுப்பு பீட்சாவுக்கே பெயர் வாங்கியது.

மலையில் மாவு நடந்துகொள்ளும் விதமும் வேறு. ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஈஸ்ட் விடும் வாயு எளிதில் விரிந்து மாவை உப்பவைக்கும். ஆனால் குளிர் அதே ஈஸ்ட்டைத் தூங்கவைக்கும். இந்த இழுபறியில் நிதானமாகப் புளித்த மாவுக்குத் தனி மணம் உண்டு. கொடைக்கானல் பெயரில் விற்கும் சீஸ் சமவெளி நகரங்களில் எல்லாம் கிடைக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு பக்கத்துக் கிராமங்களில் விளைகிறது. இத்தாலிக்காரன் வந்தால் பொறாமைப்பட இதெல்லாம் போதும். அந்தக் காரமான பூண்டை அதிகம் பயன்படுத்தாமல், மக்காச்சோளத்தையும் குடைமிளகாயையும் கொட்டும் பழக்கம்தான் எனக்குப் பிடிபடவில்லை.

இனி கீழே. இலக்கிய வாசகருக்கு வத்தலக்குண்டு ராஜமய்யரின் ஊர். விடுதலைப் போராட்டம் படித்தவருக்குச் சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். பேருந்துப் பயணிக்கு மலையேறும் முன் காலை நீட்டிக்கொள்ளும் ஊர். முதல் உலகப் போர்க் காலத்தில் போட்ட லாஸ் காட் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்துப் பாதையில் நடந்தும் டோலியிலும்தான் கொடைக்கானலுக்குப் போனார்கள். மோட்டார் சாலை வந்த பிறகு போக்குவரத்து வத்தலக்குண்டு வழியாகத் திரும்பியது. மதுரை, திண்டுக்கல், தேனி, கொடைக்கானல் என்று நாலு திசை வண்டியும் வந்துபோகிற ஊரில் ராத்திரிச் சாப்பாட்டுக் கடை தழைக்காமல் என்ன செய்யும்?

புரோட்டா மாஸ்டரின் வேலையைப் பீட்சாக்காரரின் வேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் சூட்சுமமும் தெரியும். இரண்டு பேருக்கும் மைதாவின் இழுவைதான் மூலதனம். நேப்பிள்ஸ் முறையில் மாவில் எண்ணெயே சேர்ப்பதில்லை. மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அவ்வளவுதான். மணிக்கணக்கில் புளிக்கவிட்டு, உள்ளே பிடித்த வாயு ஓரத்துக்குப் போகும்படி விரலால் தட்டிப் பரத்துவார்கள். 430 டிகிரிக்கு மேல் கனலும் விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். தரையிலிருந்தும் மேல் வளைவிலிருந்தும் ஒரே நேரத்தில் சூடு தாக்குவதால் திருப்பிப் போட வேண்டியதில்லை. இந்தக் கைவினையை யுனெஸ்கோ 2017-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

நம் மாஸ்டரிடம் ஈஸ்ட் கிடையாது. அவர் காற்றை வேறு வழியில் உள்ளே நுழைக்கிறார். பிசைந்த மாவை எண்ணெயில் ஊறவைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் பூசிய மேடையில் அறைந்து வீசுகிறார். கல்லின் கறை மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மாவு மெலிந்ததும் கொசுவத்தைப் போல மடித்துச் சுருட்டுகிறார். மடிப்புக்கு மடிப்பு எண்ணெய் நிற்பதால் வேகும்போது ஒட்டாது. நடுவில் மாட்டிய ஈரம் ஆவியாகி அடுக்கைப் பிரிக்கும். சூடு கீழிருந்து மட்டும் வருகிறது, ஆகவே திருப்பித் திருப்பிப் போட வேண்டும். வெந்ததை நாலைந்தாக அடுக்கி இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடிக்கிற அந்தக் கடைசி அடியில்தான் அடுக்கு மலரும். அடிக்காமல் தட்டில் போடுகிற கடையை நான் இரண்டாம் முறை மிதிப்பதில்லை. யுனெஸ்கோவுக்கு எந்த மாஸ்டரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை. வியர்வை துடைக்கவே நேரம் இல்லாதவர்கள் அவர்கள்.

அப்புறம் குழம்பு. பீட்சாவில் தக்காளி சாஸ் மாவோடு ஒட்டிய பங்கு. கூடுதல் சீஸுக்குக் கூடுதல் காசு. புரோட்டாவில் சால்னா தனி ராஜ்ஜியம். சோம்பும் பட்டையும் தேங்காயும் அரைத்த அந்தத் தண்ணீர்க் குழம்பை, பிய்த்துப் போட்ட புரோட்டா மேல் வாளியோடு வந்து ஊற்றுவார்கள். 'அண்ணே, இன்னும் கொஞ்சம்' என்றால் மறுபடியும் ஊற்றுவார்கள், காசு கேட்க மாட்டார்கள். ஒரு கடைக்கும் மறு கடைக்கும் உள்ள வித்தியாசம் சால்னாவில்தான் அதிகம் வெளிப்படும் என்பதால், சுவைத்து ஒப்பிட வருகிறவருக்கு இது பெரிய வசதி.

விலையைப் பற்றி நியூயார்க்கில் ஒரு வேடிக்கை விதி உண்டு. ஒரு துண்டு பீட்சாவின் விலையும் சுரங்க ரயில் கட்டணமும் சேர்ந்தே ஏறும் என்று 1980-இல் பத்திரிகையில் எழுதினார்கள். நம்மிடம் இது செல்லாது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துக் கட்டணம் கடைசியாகப் பெரிதாக ஏறியது 2018 ஜனவரியில்; புரோட்டா அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஏறிவிட்டது.

வரி விஷயத்தில் நடந்ததும் சொல்லத்தக்கது. கடைகளில் பொட்டலமாக விற்கும் பீட்சா ரொட்டிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தபோது, பொட்டலப் புரோட்டாவுக்கு 18 சதவீதம் என்று கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் 2020-இல் சொன்னது. சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும், ஆகவே அது ரொட்டி வகை அல்ல என்பது வாதம். தொழிலாளியின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இத்தாலிப் பண்டத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வரி என்பது எந்த ஊர் நியாயம்? 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் வரி இல்லை. மைதா மாவின் வரலாற்றில் இப்படி ஒரு சமரசம் அபூர்வம்.

உடம்புக்கு இரண்டும் ஒரே கணக்குத்தான், மைதாவும் கொழுப்பும். அதில் ஒன்றை உயர்த்திப் பிடிக்க எனக்கு வழியில்லை. சிற்றூர் பேக்கரிகளில் இப்போது கிடைக்கும் பீட்சாவை, ஆயத்த ரொட்டி மேல் கெட்சப் தடவிச் சூடாக்கித் தருவதை, இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அது பள்ளிப் பிள்ளைகளின் சந்தோஷம், அதைக் கெடுப்பானேன்.

மாவின் மணத்துக்கும் அடுப்பின் வேகத்துக்கும் மதிப்பெண் போட்டால் மலைமேல் பீட்சா முந்தும். தனியாக வருகிற ஒருவர், சின்னப் பணத்தோடு, ஒரே ராத்திரியில் மூன்று கடை ஏறித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் வத்தலக்குண்டுப் புரோட்டாவுக்கு ஈடில்லை. ஆகவே மேலே போகும்போது குடும்பத்தோடு ஒரு பீட்சாவைப் பகிர்ந்து சாப்பிடுங்கள், மலைப்பூண்டு கேட்டுப் போடச் சொல்லுங்கள். புரோட்டாவைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்; சால்னா நிறைந்த வயிற்றோடு மலைச்சாலைக் கொண்டையூசி வளைவுகளில் ஏறுவது உங்களுக்கும் நல்லதல்ல, பக்கத்து இருக்கைக்காரருக்கும் நல்லதல்ல.